ஹோ ஆற்றங்கரையில் குடும்பத்தோடு ஒரு நடை: எப்படிப் போவது, எங்கே திரும்புவது

சியாட்டில் பக்கம் இருக்கிற நம் குடும்பங்கள் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குப் போனால், ஹோ மழைக்காட்டில் ‘ஹால் ஆஃப் மாசஸ்’ என்கிற சின்னச் சுற்றுப்பாதையை நடந்து, பாசி தொங்குகிற மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சுற்று அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்விட்டு, அதே இடத்திலிருந்து கிளம்புகிற ஆற்றங்கரைப் பாதையில் கால் வைக்காமல் திரும்புவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஐந்து வயதுக் குழந்தையையும், ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா அப்பாவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு நிம்மதியாக நடக்கக்கூடிய பாதை அது. எப்படிப் போகலாம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன்.

முதலில் பாதையைப் பற்றி. ஹோ ரிவர் டிரெயில் மொத்தமாக ஒரு பக்கத்துக்கு 17 மைலுக்கு மேல் போகிறது, ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறைகள் வரைக்கும். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். அந்தப் பதினேழில் முதல் சில மைல்கள் கிட்டத்தட்ட சமதளம். பார்வையாளர் மையத்திலிருந்து ஏறக்குறைய 0.9 மைல் (1.5 கி.மீ.) நடந்தால் ஆற்றங்கரைக்கு இறங்குகிற முதல் இடம் வரும். இன்னும் உள்ளே போனால், சுமார் 2.7 மைலில் மினரல் க்ரீக் என்கிற சிற்றருவி. 5 மைலில் ஃபைவ் மைல் ஐலண்டு. சின்னக் குழந்தை கூட இருந்தால் முதல் ஆற்றங்கரையோடு திரும்புங்கள், அதுவே போக வர 3 கி.மீ. எட்டு வயதுக்கு மேற்பட்ட, நடந்து பழகிய பிள்ளைகள் என்றால் அருவி வரை போகலாம், போக வர சுமார் 5.5 மைல் (9 கி.மீ.) ஆகும், அதற்கு முழுப் பகலையும் ஒதுக்கிவிடுங்கள். இந்தப் பாதையில் தொட்டுவிட்டு வரவேண்டிய உச்சி என்று எதுவும் கிடையாது. எந்த இடத்தில் திரும்பினாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறீர்கள், ஏனென்றால் பார்க்க வேண்டியது முதல் அடியிலிருந்தே இருபுறமும் நிற்கிறது.

எப்போது போவது? இந்தக் காட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 140 அங்குலம், அதாவது 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் ஒரு வருடம் பெய்கிற மழையைப் போல இரண்டரை மடங்கு. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது, ஜூலையும் ஆகஸ்டும் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். குழந்தைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜூன் கடைசி அல்லது செப்டம்பர் முதல் பாதி. பச்சையின் முழு வீரியத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மே மாதம் லேசான தூறலில் போக வேண்டும், கோடையில் பாசி கொஞ்சம் வாடி மஞ்சள் தட்டியிருக்கும். குளிர்காலத்தில் போக ஆசைப்பட்டால் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. 2024 டிசம்பர் புயலில் அப்பர் ஹோ ரோடு அரித்துக்கொண்டு போய், 2025 மே மாதம்தான் திரும்பத் திறந்தார்கள். உள்ளே போக அந்த ஒரே சாலைதான்.

கோடையில் வேறு தலைவலி, கூட்டம். பார்க்கிங் நிறைந்துவிட்டால் ஒரு கார் வெளியே வந்தால்தான் ஒரு கார் உள்ளே போக முடியும், நுழைவு வாயிலில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பின் சீட்டில் பசியோடு இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது அந்த வரிசை சாதாரண விஷயமில்லை. காலை 9 மணிக்கு முன்னால் வாயிலைத் தாண்டிவிடுங்கள், இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல் போங்கள். ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருப்பதால் மாலையும் மோசமில்லை. ஆனாலும் என் ஓட்டு காலைக்குத்தான்.

இதிலிருந்தே ஒன்று புரிந்திருக்கும்: சியாட்டிலிலிருந்து ஒரே நாளில் போய் வருவது வேண்டாம். படகில் பெயின்பிரிட்ஜ் போய் போர்ட் ஏஞ்சல்ஸ் வழியாகப் போனாலும், தரைவழியே ஒலிம்பியா, அபர்தீன் சுற்றிப் போனாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது, வெள்ளிக்கிழமை மாலை படகுத்துறை வரிசை தனிக் கணக்கு. போர்ட் ஏஞ்சல்ஸ் வழியை நான் சிபாரிசு செய்வேன், லேக் கிரசென்ட் ஏரியை ஒட்டியே சாலை போகும். முதல் நாள் மாலை ஃபோர்க்ஸ் ஊரில் தங்கினால் மறுநாள் காலை ஒரு மணி நேரத்துக்குள் பாதை தொடங்கும் இடத்தில் இருக்கலாம். பெட்ரோல் ஃபோர்க்ஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து உள்ளே செல்போன் சிக்னல் கிடைக்காது, அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிட வேண்டும். இரண்டு காரில் போகிற குடும்பங்கள் எங்கே சந்திப்பது என்பதையும் சிக்னல் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். நாலாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரில் ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ பாஸ் எடுத்துவிடுங்கள், காரில் இருக்கிற குடும்பம் மொத்தத்துக்கும் இலவசம்.

என்ன போட்டுக்கொள்வது என்பதில் நம் ஆட்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று ஜீன்ஸ். நனைந்தால் கனத்துப்போய், சாயங்காலம் வரை காயாமல் குழந்தையின் தொடையைத் தேய்த்து எரியவைத்துவிடும். சீக்கிரம் காய்கிற எந்த பேன்ட்டும் சரி, பள்ளிக்கூட டிராக் பேன்ட் கூடப் போதும். இன்னொன்று செருப்பு. பாதை சமதளம் என்று சொன்னேனே தவிர சிமெண்ட் தளம் இல்லை: வேர்கள் குறுக்கே ஓடும், நடுநடுவே சேறு இருக்கும், மரப்பாலங்கள் ஈரத்தில் வழுக்கும். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும், பிடிமானம் தேயாததாக இருந்தால் சரி. ஊரிலிருந்து வந்த அம்மா புடவையில்தான் வருவேன் என்றால் வாதாடாதீர்கள், புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஷூவும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கையில் ஒரு வாக்கிங் ஸ்டிக் கொடுங்கள். தலைக்கு முக்காடு வைத்த மழைக்கோட்டு எல்லோருக்கும் ஒன்று, வெயில் அடித்தாலும் சரி. மரக்கூட்டுக்குக் கீழே கோடையிலும் சில்லென்று இருக்கும், அதனால் ஒரு ஸ்வெட்டர். ஸ்ட்ரோலர் வேர்களில் மாட்டி உயிரை வாங்கும், கைக்குழந்தையை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்கிற கேரியர்தான் சரி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் பார்வையாளர் மையத்தை ஒட்டியே தார் போட்ட மிகச் சிறிய பாதை ஒன்று இருக்கிறது. அதிலும் பெரிய மரங்கள் இருக்கின்றன, யாரையும் காரில் உட்காரவைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை.

சாப்பாடு கையோடு கொண்டுபோக வேண்டும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் இதற்கென்றே பிறந்தவை, தயிர் சாதம் கொஞ்சம் சிந்தும், ஆனால் பெரியவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. சிந்திய பருக்கையைக் கூடப் பொறுக்கி எடுத்துவர வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டெல்லர்ஸ் ஜே என்று நீல நிறத்தில் கொண்டை வைத்த பறவை பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து கெஞ்சும், ஊரில் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய தாத்தா பாட்டிக்கு அதற்கு ஒரு வாய் வைக்காமல் இருப்பது கஷ்டம்தான். வைக்காதீர்கள். மனிதச் சோற்றுக்குப் பழகிய பறவையும் விலங்கும் காட்டில் கெட்டுப்போகும், கரடியும் இருக்கிற காடு இது. நாயைக் கூட்டிவர வேண்டாம், இந்தப் பாதைகளில் அனுமதி இல்லை. கழிப்பறை பார்வையாளர் மையத்தில் இருக்கிறது, எல்லோரும் போய்விட்டு வந்த பிறகு நடையைத் தொடங்குங்கள். மையம் திறந்திருந்தால் அங்கேயே ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் உள்ளதை முடித்துக் கொடுத்தால் ரேஞ்சர் பிள்ளையைக் கை தூக்கி உறுதிமொழி சொல்லவைத்து பேட்ஜ் கொடுப்பார், நடக்க மாட்டேன் என்று சிணுங்குகிற பிள்ளை கூட அந்த பேட்ஜுக்காக நடக்கும்.

சரி, இப்போது நடை. காரில் வரும்போதே ஒரு பாடம் இருக்கிறது. அப்பர் ஹோ ரோட்டில் பூங்கா எல்லைக்கு வெளியே, வெட்டி மறுபடி நட்ட காடுகள் வரும். ஒரே வயது, ஒரே உயரம், நெருக்கமாக நிற்கிற மரங்கள். எல்லையைத் தாண்டியதும் காடு மாறுவதைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கோடரி படாத காட்டில் எல்லா வயதும் கலந்து நிற்கும்: பல நூறு வருட மரம், அதன் கீழே இடுப்பளவு கன்று, பக்கத்தில் செத்தும் விழாமல் நிற்கிற மொட்டை மரம், தரையில் விழுந்து அழுகிக்கொண்டிருக்கிற மரம். அந்தச் செத்த மரங்கள்தான் பழங்காட்டின் அடையாளம், தோட்டக் காட்டில் அவற்றைப் பார்க்கவே முடியாது.

பெரிய மரங்களில் இரண்டே இரண்டை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தால் போதும். சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தின் பட்டை வட்டவட்டமாகச் செதில் செதிலாகப் பெயர்ந்து நிற்கும், ஊசியிலை கையில் குத்தும். இங்கே 90 மீட்டரை எட்டுகிற மரங்கள் இருக்கின்றன. வெஸ்டர்ன் ஹெம்லாக்கின் இலை சின்னது, மெத்தென்று இருக்கும், மரத்தின் நுனிக்கொழுந்து வளைந்து தலைகுனிந்திருக்கும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பிள்ளைகளே மரத்துக்கு மரம் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஆரம்பிப்பார்கள், அப்புறம் ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்கிற கேள்வி வராது.

இந்தக் காட்டில் மிக முக்கியமாகப் பார்க்க வேண்டியது விழுந்த மரங்கள். தரையில் பாசியும் பெரணியும் அடர்ந்து மூடியிருப்பதால் ஒரு விதை மண்ணில் விழுந்து முளைத்து மேலே வருவது பெரும்பாடு. ஆனால் விழுந்து கிடக்கிற மரத்தின் முதுகு அந்தப் போட்டிக்கு மேலே, கொஞ்சம் வெளிச்சத்தில், ஈரம் ஊறிப்போய் இருக்கிறது. அங்கே விழுகிற விதைகள் வேர்பிடித்துக்கொள்ளும். கிட்டே போய், கட்டையில் கை வைக்காமல், குனிந்து பாருங்கள்: விரல் நீளத்தில் ஹெம்லாக் கன்றுகள் ஒரே கட்டையின் மேல் நெருக்கி நிற்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நீர்த்துளி. அவற்றில் ஒரு சில மட்டும் வளர்ந்து, வேரைக் கட்டையின் இருபக்கமும் வழியவிட்டு மண்ணைத் தொடும். பல பத்தாண்டுகள் போய்க் கட்டை முழுக்க மக்கிக் கரைந்த பின்னால், மரங்கள் யாரோ கயிறு பிடித்து நட்டதைப் போல ஒரே வரிசையில் நிற்கும், வேர்களுக்கு நடுவே குகை போல வெற்றிடம் இருக்கும். “தாத்தா, இந்த மரம் ஏன் காலை அகட்டி நிக்குது?” என்று ஒரு பிள்ளை கேட்டால், பதிலை உடனே சொல்லிவிடாமல், இன்னும் இரண்டு வரிசை மரங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்புங்கள். பாதி விஷயத்தை அதுவே கண்டுபிடித்துவிடும்.

பாசி தொங்குகிற பெரிய இலை மேப்பிள் மரங்களைப் பார்த்ததும் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, இந்தப் பாசி மரத்தைக் கொன்றுவிடாதா என்பது. கொல்லாது. பாசி மழையிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் தன் தேவையை எடுத்துக்கொள்கிறது, மரத்தை உறிஞ்சுவதில்லை. உண்மையில் கணக்கு தலைகீழ்: கிளையின் மேல் பாசி சேர்ந்து சேர்ந்து மண் மாதிரி ஆகிவிட, மேப்பிள் தன் கிளையிலிருந்தே வேர் விட்டு அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த நளினி நட்கர்னி இந்தக் காட்டு மரங்களில் கயிறு கட்டி ஏறிப் பார்த்து 1981இல் இதை வெளியிட்டார். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பெண் பிள்ளைகளிடம் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், மரம் ஏறியே பேராசிரியர் ஆனவர் அவர்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நடந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இங்கே காலில் ஏறுகிற அட்டை கிடையாது, விஷப் பாம்பும் கிடையாது. பாதையில் அட்டை என்று நினைத்து நீங்கள் துள்ளிக் குதிக்கப்போவது பனானா ஸ்லக், ஓடில்லாத நத்தை. மஞ்சளாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ, ஒரு சாண் வரை கூட நீளம் இருக்கும். மழை தூறிய காலையில் பாதையின் நடுவிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும், அதனால் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்து, அது தன் கண்காம்புகளை உள்ளே இழுத்து நீட்டுவதைப் பார்த்தால் கால் மணி நேரம் போய்விடும், போகட்டும். தொடவிடாதீர்கள், அதன் வழவழப்பு பட்டால் மரத்துப்போகும்.

எல்க் மான்கள் வேறு விஷயம். ரூஸ்வெல்ட் எல்க் கூட்டம் பாதையை ஒட்டி, சில சமயம் பார்க்கிங் பக்கத்திலேயே மேயும். 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் இந்த மலைப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவிடமாக அறிவித்ததற்கே இவற்றை வேட்டையிலிருந்து காப்பாற்றுவதுதான் முக்கியக் காரணம், அப்புறம் 1938இல் அது தேசியப் பூங்கா ஆனது. பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் மே, ஜூனில் குட்டியோடு இருக்கிற தாயும், செப்டம்பர், அக்டோபரில் இணை தேடுகிற ஆணும் முட்டிவிடும். 50 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி, ஏறக்குறைய நாலு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய தூரம். படத்துக்காகக் குழந்தையை அதன் பக்கம் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மலைச்சிங்கம் கண்ணில் படுவது அபூர்வம், என்றாலும் பிள்ளைகளை முன்னே தனியாக ஓடவிடாமல் பெரியவர்களுக்கு நடுவே நடக்கவைப்பது நல்ல பழக்கம்.

நடக்கும்போது ஒரு இடத்தில் எல்லோரும் நின்று, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். இதே பாதையில் சுமார் 3.2 மைல் உள்ளே, கார்டன் ஹெம்ப்டன் என்கிற ஒலிப்பதிவாளர் 2005இல் பாசி படிந்த ஒரு கட்டையின் மேல் சிறிய சிவப்புக் கல்லை வைத்து, ஒரு சதுர அங்குல இடமாவது மனித இரைச்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று ஒரு இயக்கமே தொடங்கினார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. குழந்தைகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கட்டும்: ஆறு, சொட்டுகிற நீர், ஒரு பறவை, எங்கோ கிளை உரசுவது. புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டு வருகிற கூட்டம் நம்மில் உண்டு, தயவுசெய்து அதைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

ஆற்றுக்கு வந்ததும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் லேசாக நீலம் கலந்த மாதிரி இருக்கும். அழுக்கு இல்லை, மேலே ஒலிம்பஸ் மலையில் பனிப்பாறை நகரும்போது அடியில் இருக்கிற கல்லை மாவாக அரைத்து அனுப்புகிறது, அந்த மாவுதான் மிதந்து வருகிறது. ஹால் ஆஃப் மாசஸ் தொடங்கும் இடத்தில் டாஃப்ட் க்ரீக் என்ற ஓடை இருக்கிறது, அது கண்ணாடி மாதிரி தெளிவாக, அடியில் பச்சைச் செடிகள் அலைந்தபடி ஓடும். இரண்டையும் ஒரே நாளில் காட்டி, ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

ஆற்றங்கரையில் கண்டிப்பாக இருங்கள். கூழாங்கல் திட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், கல் எறிந்து விளையாடலாம், கையை நனைத்துப் பார்க்கலாம். ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. பனி உருகிய தண்ணீர், ஆகஸ்டிலும் கால் எலும்பு வரை குத்தும், கலங்கலாக இருப்பதால் ஆழம் தெரியாது, மேலிருந்து அடித்துவந்த பெரிய மரங்கள் குவிந்து கிடக்கிற இடங்களில் நீரோட்டம் ஆளை அடியில் இழுத்துக்கொள்ளும். அந்த மரக்குவியல்கள் மேல் ஏறி விளையாடவும் விடாதீர்கள். கரையின் விளிம்பு அடியில் அரித்துப்போய் மேலே மட்டும் புல்லோடு நிற்கும், அதன் ஓரத்தில் நிற்க வேண்டாம். காவிரியிலும் தாமிரபரணியிலும் நீந்தி வளர்ந்த அப்பாக்களுக்குத்தான் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

திரும்புகிற நேரத்தை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தைகளோடு மணிக்கு ஒரு மைல் என்று கணக்கு வைத்தால் சரியாக வரும், போகும்போது நின்று நின்று போவோம், வரும்போது களைப்பில் மெதுவாகும். கூட்டத்திலேயே சின்னப் பிள்ளை முதல் தடவை ‘தூக்கு’ என்று கேட்கும்போது பாதிச் சக்தி போய்விட்டது என்று அர்த்தம், அங்கேயே உட்கார்ந்து ஏதாவது சாப்பிடக் கொடுத்து, எழுந்ததும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். இன்னும் தெம்பு இருந்தால் ஸ்ப்ரூஸ் நேச்சர் டிரெயில் என்கிற 1.2 மைல் சுற்று பக்கத்திலேயே இருக்கிறது, அதிலும் ஆறு தெரியும், ஹால் ஆஃப் மாசஸை விடக் கூட்டம் குறைவு. ஹால் ஆஃப் மாசஸ் 0.8 மைல்தான், ஆனால் தொடக்கத்தில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு, அதனால் பெரியவர்கள் களைப்பாவதற்கு முன்னால் காலையில் அதை முதலில் முடித்துவிட்டு ஆற்றுப் பாதைக்கு வருவது உசிதம்.

பகல் இரண்டு மணிக்குள் காருக்கு வந்துவிட்டால், தெற்கே 101ஆம் சாலையில் ரூபி பீச்சுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், காலையில் பார்த்த மாதிரியான பெருமரங்களை ஆறுகள் கடலில் கொண்டுவந்து போட்டு, வெளுத்த கட்டைகளாகக் கரையில் குவிந்து கிடப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம். மாலை மங்கிய பிறகு கிளம்புகிறவர்கள் அப்பர் ஹோ ரோட்டில் நிதானமாக ஓட்டுங்கள். எல்க் ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் இன்னும் நாலு வரும், முதல் மான் போனதும் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள்.